உயர்தர இரசாயனவியல் பிடிபடவில்லையா? பத்தாம் ஆண்டிலிருந்து தொடங்குங்கள்

சேர் பலகையில் கணக்குச் செய்யும்போது எல்லாம் விளங்குகிறது. வீட்டுக்கு வந்து தனியே செய்யப் போனால் முதல் வரியே வரவில்லை. உயர்தரத்தில் இப்படித் திணறும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து இன்னொரு ரியூசன். நான் வேண்டாம் என்பேன். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் என்பது உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் சேர்ந்த ஒரே பாடம். இரசாயனப் பகுதியை ஒப்பேற்றிவிட்டும் நல்ல பெறுபேறு எடுத்துவிடலாம். அந்தக் கடன்தான் இப்போது வட்டியோடு வருகிறது. தேவையானவை பத்தாம், பதினோராம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகங்கள், ஒரு புதுக் கொப்பி, ஓர் ஆவர்த்தன அட்டவணை. புத்தகங்களைத் தம்பி தங்கச்சியிடம் கேட்டு வாங்கலாம்.

படி 1: எங்கே அறுந்தது என்று பாருங்கள்

புத்தகம் பார்க்காமல் இந்த நான்கையும் செய்யுங்கள்.

1. அலுமினியம் ஒட்சைட்டின் சூத்திரம் என்ன?
2. மெதேன் ஒட்சிசனில் முற்றாக எரியும் சமன்பாட்டைச் சமப்படுத்துங்கள்.
3. 8 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டில் எத்தனை மூல்?
4. அதே 8 கிராமைக் கரைத்து 250 மில்லிலீற்றர் கரைசல் ஆக்கினால் செறிவு என்ன?

விடைகள்: (1) Al₂O₃, அதாவது அலுமினியம் 2, ஒட்சிசன் 3; (2) ஒரு மெதேனுக்கு இரண்டு ஒட்சிசன் மூலக்கூறு, ஒரு காபனீரொட்சைட்டும் இரண்டு நீரும் வரும்; (3) 0.2 மூல்; (4) லீற்றருக்கு 0.8 மூல். எந்தக் கேள்வியில் முதலில் தடுக்கியதோ, அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். 1இல் தடுக்கினால் படி 2, 2 என்றால் படி 3, 3 என்றால் படி 4, 4 என்றால் படி 5. முன்னுக்குள்ளதை விட்டுவிட்டுப் பின்னுக்குள்ளதைப் படித்துப் பிரயோசனமில்லை.

படி 2: வலுவளவு

ஒரு மூலகம் மற்றவற்றோடு சேரும் வலுவை எண்ணாகச் சொல்வதுதான் வலுவளவு. இது மட்டும் பாடமாக்கியே ஆகவேண்டிய பகுதி. முதல் 20 மூலகங்களை வரிசையாக எழுதப் பழகுங்கள். முதல் நான்கு கூட்டங்களில் (ஆவர்த்தன அட்டவணையின் நிரல்களில்) கூட்ட எண்தான் வலுவளவு. ஐந்தாம், ஆறாம், ஏழாம் கூட்டங்களுக்குப் பொதுவாக 8இலிருந்து கூட்ட எண்ணைக் கழித்தால் சரி. அப்புறம் அயன்கள், அதாவது ஏற்றமுள்ள துணிக்கைகள்: அமோனியம், ஐதரொட்சைட்டு, நைத்திரேற்று மூன்றுக்கும் 1, காபனேற்று, சல்பேற்று இரண்டுக்கும் 2, பொசுபேற்றுக்கு 3. வலுவளவுகளை மாற்றிப் போட்டால் சூத்திரம் வந்துவிடும். கல்சியமும் ஒட்சிசனும் போல இரண்டுக்கும் 2 என்றால் சுருக்கி ஒன்றுக்கு ஒன்று என எழுத வேண்டும்.

படி 3: சமப்படுத்தல்

எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல் என்பதால், தண்ணீரில் கரைந்து வந்தது கொதிக்கும்போது படிகிறது. கொஞ்சம் வினாகிரி விட்டால் நுரைத்துக்கொண்டு கரையும். அந்த நுரை காபனீரொட்சைட்டு வாயு.

வினாகிரிக்குப் பதில் ஐதரோகுளோரிக் அமிலத்தை எடுத்து எழுதுவோம்:

கல்சியம் காபனேற்று + ஐதரோகுளோரிக் அமிலம் → கல்சியம் குளோரைட்டு + நீர் + காபனீரொட்சைட்டு

சூத்திரங்களில்: CaCO₃ + HCl → CaCl₂ + H₂O + CO₂

இரு பக்கமும் அணுக்களை எண்ணுங்கள். கல்சியம் 1, 1. காபன் 1, 1. ஒட்சிசன் 3, 3. குளோரீன் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 2. ஐதரசனும் அப்படியே. ஆகவே அமிலத்துக்கு முன்னால் 2 போட்டால் முடிந்தது. எண்ணை முன்னால்தான் போட வேண்டும். சூத்திரத்துக்குள் இருக்கும் சிறிய எண்ணைத் தொடவே கூடாது, தொட்டால் அது வேறு பொருளாகிவிடும். ஒட்சிசனையும் ஐதரசனையும் கடைசிக்கு விடுங்கள்.

படி 4: மூல்

பெரும்பாலானவர்கள் விழும் இடம் இது. ஆறுதலாகப் படியுங்கள்.

அரிசியை யாரும் எண்ணுவதில்லை, கொத்தால் அளக்கிறோம். அணுக்களையும் எண்ண முடியாது, நிறுக்கிறோம். எந்தப் பொருளிலும் ஒரு மூல் என்றால் 6.022 × 10²³ துணிக்கைகள். அதன் திணிவு, சூத்திரத்திலுள்ள சார் அணுத்திணிவுகளைக் கூட்டிவரும் எண், கிராமில். கல்சியம் காபனேற்றுக்கு 40 + 12 + 48, அதாவது 100 கிராம்.

இனி ஒரு கணக்கு. 25 கிராம் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் (முழுவதும் கல்சியம் காபனேற்று என்று வைத்துக்கொள்வோம்) கல்சியம் ஒட்சைட்டு எவ்வளவு வரும்? கிராமிலிருந்து கிராமுக்கு நேரே பாயாதீர்கள். முதலில் கிராமை மூலாக்குங்கள்: 25 ÷ 100 = 0.25. பிறகு சமன்பாட்டு விகிதம்: ஒன்றுக்கு ஒன்று, ஆகவே ஒட்சைட்டும் 0.25 மூல். கடைசியாக மூலைக் கிராமாக்குங்கள்: 0.25 × 56 = 14 கிராம். வெளியேறும் காபனீரொட்சைட்டு 0.25 × 44 = 11 கிராம். 14உம் 11உம் 25. கூட்டிச் சரிபார்க்கும் இந்தப் பழக்கம் பல புள்ளிகளைக் காப்பாற்றும்.

இப்போது நீங்கள்: அதே தாக்கம்தான் சீமெந்துச் சூளையிலும் நடக்கிறது. 1 தொன் சுத்தமான சுண்ணாம்புக்கல் போனால் எத்தனை கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும்? 440 வரவேண்டும்.

படி 5: செறிவு

மூல் பிடிபட்டால் இது பெரிய வேலையில்லை. மூலை லீற்றரால் வகுப்பதுதான். 5.85 கிராம் உப்பு 0.1 மூல், 500 மில்லிலீற்றர் கரைசலில் இருந்தால் 0.1 ÷ 0.5 = 0.2. மில்லிலீற்றரை லீற்றராக்க மறப்பதுதான் இங்கே வழமையான பிழை.

படி 6: கணிப்பான் இல்லாமல்

உயர்தர இரசாயனவியல் பரீட்சைக்குக் கணிப்பான் கொண்டுபோக முடியாது. முதலாம் தாளில் 50 பல்தேர்வு வினா, 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. போனை எடுத்துத் தட்டிப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். 0.25ஐக் கால் என்று எழுதிச் சுருக்குங்கள், பத்தின் அடுக்குகளைத் தனியே கூட்டிக் கழியுங்கள்.

கடந்தகால வினாத்தாளை முழுதாகச் செய்ய இப்போது இறங்க வேண்டாம். ஒவ்வொரு தாளிலும் மூல், செறிவு சம்பந்தமான வினாக்களை மட்டும் பொறுக்கிச் செய்யுங்கள். பிழைத்தால் விடையை மட்டும் திருத்தாமல், எந்தப் படியில் பிழைத்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் கொப்பியோடு வகுப்பு முடிந்து சேரிடமோ மிஸ்ஸிடமோ போனால், "ஒன்றும் விளங்கேல்லை" என்று நிற்க வேண்டியதில்லை. வரியைக் காட்டிக் கேட்கலாம்.