மலைநாட்டில் ஈசியு டியூனிங்: முதல் தடவை செய்பவர்களுக்கு

கேம்ஷாஃப்ட் மாற்றியாயிற்று, பெரிய இன்ஜெக்டர் போட்டாயிற்று, சைலன்சரும் மாறியாயிற்று. ஆனால் கம்பனி கொடுத்த கொம்பியூட்டர் இன்னும் பழைய இஞ்சினுக்கான கணக்கில்தான் பெற்றோல் தெளிக்கிறது. அதை எடுத்துவிட்டு, நாமே எண்களை மாற்றக்கூடிய ஸ்பீடுயினோ, மெகாஸ்குவர்ட் போன்ற ஈசியு (இஞ்சின் கொம்பியூட்டர்) ஒன்றைப் பொருத்தி வீட்டிலேயே டியூன் செய்யலாம். பொறுமையும் லெப்டொப்பும் உள்ள எவருக்கும் இது கைவரும்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் வழிகாட்டிகளில் அனேகமானவை கடல்மட்டத்துக்குக் கிட்ட ஓடும் காருக்கு எழுதப்பட்டவை. நுவரெலியாவிலோ ஹட்டனிலோ இருந்துகொண்டு அதை அப்படியே செய்தால், டியூன் அட்டவணையின் மேல்வரிசைகள் (காற்றழுத்தம் கூடிய நேரத்துக்கான எண்கள்) பரிசோதிக்கப்படாமலே நின்றுவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. டர்போ இல்லாத இஞ்சினில் தொடங்குங்கள்; டர்போ இஞ்சினில் ஒரு பிழையான எண் பிஸ்டனையே உருக்கிவிடும்.

படி 1: இஞ்சின் சுகமாக இருக்கிறதா?

கம்ப்ரெஷன், பிளக், பெற்றோல் பம்பின் அழுத்தம், இன்டேக் பக்கம் காற்றுக் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள். கசிவுள்ள இஞ்சினை டியூன் செய்தால் கசிவையும் சேர்த்துத்தான் டியூன் செய்வீர்கள். பிரேக்கையும் பார்த்துவிடுங்கள். நம் பாதைகளில் அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

படி 2: தேவையான சாமான்கள்

ஈசியு, டியூனர் ஸ்டூடியோ மென்பொருள் உள்ள லெப்டொப், டைமிங் லைட், வைட்பேண்ட் ஒட்சிசன் சென்சர். கடைசியில் சொன்னதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். காரோடு வந்த பழைய நரோபேண்ட் சென்சர் பெற்றோல் கூடவா குறைவா என்று மட்டும் சொல்லும்; எவ்வளவு என்று சொல்லாது. பொஷ் எல்எஸ்யு 4.9 வகை வைட்பேண்ட் போதும். அதைப் புகைக்குழாயில் நேராகப் படுக்க வைக்காமல், குறைந்தது 10 பாகை மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்துங்கள், தண்ணீர் தேங்காது. மின்சாரம் கொடுக்காமல் அதைக் குழாயில் விட்டு இஞ்சினை ஓட்டினால் சென்சர் பழுதாகும்.

வயரிங்கில் ஒன்றே ஒன்று: சென்சர்களின் ஏர்த் வயர்கள் பொடியில் அல்ல, ஈசியுவின் சென்சர் ஏர்த்தில் சேரவேண்டும்.

படி 3: மெப் சென்சரைச் சரிபார்த்தல்

இந்த வகை ஈசியு முக்கியமாக இரண்டைப் பார்த்துத்தான் பெற்றோலைத் தீர்மானிக்கிறது: இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது, இன்டேக் மெனிபோல்டுக்குள் காற்றழுத்தம் எவ்வளவு. இரண்டாவதை அளப்பது மெப் சென்சர். அது பொய் சொன்னால் பிறகு செய்வதெல்லாம் வீண்.

சாவியைப் போடுங்கள், இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். இப்போது திரையில் தெரியவேண்டியது உங்கள் ஊரின் வெளிக்காற்றழுத்தம். கொழும்பில் 101 கிலோபாஸ்கல், கண்டியில் ஏறத்தாழ 95, ஹட்டனில் 87, நுவரெலியாவில் 81 அளவில் இருக்கும். நுவரெலியாவில் நின்றுகொண்டு 101 காட்டினால் சென்சர் வகையை மென்பொருளில் பிழையாகத் தெரிவு செய்திருக்கிறீர்கள்.

போனில் வானிலைச் செயலியைப் பார்த்து ஒப்பிட வேண்டாம். அது காட்டும் 1012 போன்ற எண், கடல்மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட அழுத்தம். போனுக்குள் பாரோமீற்றர் சென்சர் இருந்தால் அதை நேரடியாகக் காட்டும் செயலிதான் உதவும்.

த்ரொட்டில் (அக்சிலரேட்டர் திறக்கும் காற்றுக் கதவு) சென்சரையும் வெப்பநிலைச் சென்சர்களையும் இதே நேரத்தில் முடித்துவிடலாம். ராத்திரி முழுக்க நிறுத்திய காரில் கூலன்ட் வெப்பநிலையும் உள்வரும் காற்றின் வெப்பநிலையும் ஒன்றாக இருக்கவேண்டும்.

படி 4: அடிப்படை எண்களும் டைமிங்கும்

இஞ்சின் சிசி, சிலிண்டர் எண்ணிக்கை, இன்ஜெக்டரின் அளவு ஆகியவற்றைக் கொடுத்தால் மென்பொருள் அடிப்படைப் பெற்றோல் அளவைத் தானே கணக்கிடும். உதாரணமாக கொரொல்லாவின் 4ஏ-எஃப்இ என்றால் 1587 சிசி, 4 சிலிண்டர்.

டைமிங் என்பது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை பாகை முன்னே பிளக் பொறி தட்டுகிறது என்பது. ஸ்டார்ட் பண்ணியதும் அதை மென்பொருளில் 10 பாகையில் பூட்டுங்கள். டைமிங் லைட்டைக் கிராங்க் புலியில் அடித்துப் பாருங்கள். லைட்டிலும் 10 தெரியும்வரை டிரிகர் கோணத்தை (கிராங்க் சென்சரின் இடத்தைச் சொல்லும் எண்) மாற்றுங்கள். 3000 சுற்றுக்கு ஏற்றியும் அந்த 10 நகரக்கூடாது. இந்தப் படியை முடிக்காமல் காரை வாசலைத் தாண்ட விடாதீர்கள். திரையில் 20 என்று தெரியும்போது உள்ளே உண்மையில் 30 பாகையில் பிளக் பொறி தட்டிக்கொண்டிருக்கலாம். பூட்டைத் திறந்துவிட மறக்கவேண்டாம். மாற்றிய எண்களை 'பர்ன்' பொத்தானால் பதியாவிட்டால் சாவியை நிறுத்தியதும் அழிந்துவிடும்.

படி 5: வி.இ. அட்டவணையைப் பாதையில் நிரப்புதல்

வி.இ. அட்டவணை என்பது, ஒவ்வொரு சுற்று வேகத்திலும் மெப் அழுத்தத்திலும் சிலிண்டர் எவ்வளவு காற்றால் நிரம்புகிறது என்பதைக் காட்டும் எண்கள்; எண் கூடினால் பெற்றோலும் கூடும். அதை நிரப்ப மலைப்பாதை ஒரு வரம். சமதரையில் இஞ்சினுக்கு ஒரே சுமையை நீடித்துக் கொடுப்பது கஷ்டம், கார் வேகமெடுத்துவிடும். இங்கே தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறும்போது, ஏற்றமே காரைப் பிடித்துவைக்கும். மூன்றாம் கியரில் 2500 சுற்றில் நிதானமாக ஏறினால் அட்டவணையின் ஒரே கட்டத்தில் பல செக்கன்கள் நிற்கலாம்.

நீங்கள் ஓட்டுங்கள், லெப்டொப் பக்கத்தில் இருப்பவரின் மடியில் இருக்கட்டும். ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்கவே வேண்டாம். தோட்டப் பாதைகளில் பெரட்டு (காலையில் தொழிலாளர் கூடும்) நேரத்திலும் பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் கொழுந்து லொறி வரும் நேரத்திலும் இந்த வேலையை ஒத்திவையுங்கள்.

வைட்பேண்ட் காட்டுவது காற்று–பெற்றோல் விகிதம்; எண் குறைந்தால் பெற்றோல் கூட என்று பொருள். கணக்கு இலகுவானது. இப்போதுள்ள எண்ணை, அளந்த காற்று–பெற்றோல் விகிதத்தால் பெருக்கி, வேண்டிய விகிதத்தால் வகுங்கள். கட்டத்தில் 60 இருக்கிறது, வைட்பேண்ட் 14.0 காட்டுகிறது, உங்களுக்கு வேண்டியது 13.0. அப்படியென்றால் 60 × 14.0 ÷ 13.0, அதாவது 64.6. சாதாரண ஓட்டத்துக்கு 14.7க்குக் கிட்டவும், முழு அக்சிலரேட்டருக்கு 12.5 முதல் 13 வரையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் மட்டும் பக்கத்துக் கட்டங்களை விட்டுத் துள்ளி நின்றால் எண்ணை நம்பாமல் மறுபடி அளந்து பாருங்கள்.

படி 6: மேல்வரிசைகள்

நுவரெலியாவில் அக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் மெனிபோல்டுக்குள் அழுத்தம் 81ஐத் தாண்டாது. வெளியில் இல்லாத அழுத்தம் உள்ளே எங்கிருந்து வரும்? ஆகவே 85, 90, 95, 100 வரிசைகளை உங்கள் கார் அங்கே தொடவே இல்லை. அவற்றில் இருப்பது மென்பொருளோடு வந்த எண்கள், அல்லது யாரோ ஒருவருடைய டியூன்.

அதே கார் ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக அவிசாவளைக்கு இறங்குகிறது. சூடான காற்று, 100க்குக் கிட்டிய அழுத்தம். ஒரு பஸ்ஸை முந்த நீங்கள் முழுதாக மிதிக்கும் அந்த விநாடியில் இஞ்சின் முதல் தடவையாக அந்த வரிசைக்குள் நுழைகிறது. அங்கே பெற்றோல் குறைவாகவும் டைமிங் கூடுதலாகவும் இருந்தால் நொக்கிங் (பெற்றோல் கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வரும். மேலே 92 ஒக்டேனில் சத்தமே இல்லாமல் ஓடிய டைமிங் கீழே அடிக்கும்; உயரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு என்பதால்தான் அது அங்கே தாங்கியது.

எனவே இப்படிச் செய்யுங்கள். 80 வரிசை சரியானதும், மேல்வரிசைகளில் வி.இ. எண்ணை ஒவ்வொன்றாகச் சிறிது உயர்த்தி எழுதுங்கள். டைமிங்கை அவற்றில் 2, 3 பாகை குறையுங்கள். 95 ஒக்டேன் அடித்துக்கொண்டு கீழே இறங்கி, முதலில் பாதி அக்சிலரேட்டர், பிறகு முக்கால், கடைசியாக முழுது என்று அளந்து திருத்துங்கள். கீழே திருத்தி முடிக்கும்வரை டியூன் முடிந்ததாக எண்ணவேண்டாம். குதிரைவலு கூட்டும் ஆசையில் டைமிங்கை ஏற்றுவதை டைனோ (இஞ்சின் வலுவை அளக்கும் இயந்திரம்) வசதி கிடைக்கும் நாளுக்கு வையுங்கள்.

படி 7: பாரோ (வெளிக்காற்றழுத்த) திருத்தம்

சாவி போட்டதும் மெப் சென்சர் காட்டும் அளவையே வெளிக்காற்றழுத்தமாக வைத்துக்கொள்ளும் வசதி இந்த ஈசியுக்களில் உண்டு. அவிசாவளையில் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தாமல் நுவரெலியா வந்தால், ஈசியு இன்னும் அவிசாவளைக் காற்றிலேயே இருப்பதாக நினைக்கும். மெப் சென்சரை நம்பி ஓடும் டியூனில் இதன் பாதிப்பு சிறிது; திருத்தத்தை அணைத்துவிட்டாலும் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஆனால் சிலிண்டருக்கு ஒரு த்ரொட்டில் என்று போட்டு, த்ரொட்டில் கோணத்தை வைத்து டியூன் செய்பவர்களுக்கு, வெளிக்காற்றை மட்டும் அளக்கும் இரண்டாவது சென்சர் கட்டாயம்.

படி 8: குளிர் ஸ்டார்ட், இறக்கம், புகை

நுவரெலியாவின் காலைக் குளிர் 10 பாகைக்குக் கீழும் போகும். குளிர் ஸ்டார்ட்டுக்கான கூடுதல் பெற்றோலை ஒரு காலையில் ஒரு தடவைதான் பரிசோதிக்க முடியும். இஞ்சின் சூடானால் அன்றைய வாய்ப்பு முடிந்தது. ஒரு நாளைக்கு ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள்.

நீண்ட இறக்கத்தில் அக்சிலரேட்டரை விட்டதும் பெற்றோலை நிறுத்தும் வசதியைப் போடுங்கள். இஞ்சின் சூடாகி, 1800 சுற்றுக்கு மேல் இருக்கும்போது மட்டும் அது வேலை செய்யட்டும். அப்போது வைட்பேண்ட் எல்லை கடந்த எண்ணைக் காட்டும், அது பழுதல்ல. அந்தத் தரவை வைத்து அட்டவணையைத் திருத்திவிடாதீர்கள்.

வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முன் ஐடிலில் 14.7க்குக் கிட்ட இருக்கிறதா என்று பாருங்கள். ஐடிலில் பெற்றோல் கூடினால் காபனோரொட்சைட்டு ஏறி, பரிசோதனையில் தோற்கும். வருமான அனுமதிப்பத்திரமும் அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் திகதியும் ஊரும் போட்டுத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள், "ஹட்டன்", "அவிசாவளை" என்று.