தைப்பூசத் தொண்டூழியர்களுக்கு: வாக்கி-டாக்கியில் குழு அழைப்பும் மறைபேச்சும்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் செல்லும் நாளில், தொண்டூழியர்களின் வாக்கி-டாக்கியில் என்னவெல்லாம் போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? காணாமல்போன குழந்தையின் பெயர், மயங்கி விழுந்த அம்மாவின் நோய் விவரம், காணிக்கைப் பணம் கிளம்பும் நேரம். சாதாரண அனலாக் கருவியில் இவற்றை அதே அலைவரிசையில் இருக்கும் எவரும் கேட்கலாம். பெட்டியில் ‘பிரைவசி கோடு’ என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். அது அடுத்தவர் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுக்கும். உங்கள் பேச்சை யாரிடமிருந்தும் மறைக்காது.

அதனால் மறையாக்க வசதியுள்ள டிஜிட்டல் கருவிகளை வாடகைக்கு எடுங்கள். மறையாக்கம் என்பது, ‘சாவி’ எனும் ரகசிய எண் இல்லாதவருக்குப் புரியாதபடி பேச்சை உருமாற்றி அனுப்புவது. இங்கே பரவலாகக் கிடைப்பது டி.எம்.ஆர். (டிஜிட்டல் மொபைல் ரேடியோ) வகை.

முதலில் உரிமம்

சிங்கப்பூரில் பயன்படுத்தும் கருவி, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் பதிவான வகையாக இருக்க வேண்டும். வாடகை நிறுவனத்திடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்த அலைவரிசை உரிமத்தின்கீழ் கருவிகளைத் தருகிறீர்கள்? அதில் மறையாக்கம் செய்து பேசலாமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குழுக்களை அமைத்தல்

இரு கருவிகள் பேசிக்கொள்ள அலைவரிசை, கலர் கோடு (ஒரே அலைவரிசையில் உள்ள வெவ்வேறு அமைப்புகளைப் பிரிக்கும், 0 முதல் 15 வரை ஓர் எண்), டைம் ஸ்லாட் (அலைவரிசையின் நேரப் பங்கு) மூன்றும் ஒத்திருக்க வேண்டும். அதற்கு மேல், யார் யார் ஒரே குழு என்று காட்டும் டாக்குரூப் எண் வரும். உதாரணமாக 100 எல்லாருக்கும், 101 ஊர்வலத்துக்கு, 102 முதலுதவிக்கு, 103 தண்ணீர்ப் பந்தலுக்கு என்று பிரிக்கலாம். ஒவ்வொரு கருவிக்கும் தனி அடையாள எண் கொடுங்கள். எந்தக் கருவி எந்தக் குழுக்களைக் கேட்க வேண்டும் என்ற பட்டியலையும் தாளில் எழுதிக் கடையில் கொடுத்தால், அவர்களே கணினி வழியாகப் பதித்துத் தருவார்கள்.

புதியவர்கள் தவறாமல் குழம்பும் இடம் ஒன்று உண்டு. குழு வேறு என்பதால் பாதை வேறாகிவிடாது. டி.எம்.ஆர். 12.5 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையை, 30 மில்லிவினாடிக்கு ஒருமுறை மாறும் இரண்டு ஸ்லாட்டுகளாகப் பிரிக்கிறது. ஒரு ஸ்லாட்டில் ஒரு நேரத்தில் ஒரு பேச்சுதான் போகும். தண்ணீர்ப் பந்தல்காரர் குவளைக் கணக்குச் சொல்லி முடிக்கும்வரை, அதே ஸ்லாட்டில் உள்ள முதலுதவிக் குழு காத்திருக்க வேண்டியதுதான். ரிப்பீட்டர் (பேச்சை வாங்கி மீண்டும் அனுப்பும் நிலையம்) இருந்தால் முதலுதவிக்கு ஒரு ஸ்லாட்டை முழுமையாக ஒதுக்குங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

டாக்குரூப் எண்ணும் பாதுகாப்பு ஆகாது. அந்த எண்ணைத் தன் கருவியில் பதித்துக்கொண்ட எவருக்கும் பேச்சு கேட்கும்.

சாவி

மறையாக்கத்தில் பல தரங்கள் உண்டு. சில கருவிகளின் அடிப்படை முறையில் சாவி என்பது 1 முதல் 255 வரையிலான ஓர் எண்தான். ஆர்வமுள்ள ஒருவர் ஒவ்வொன்றாக முயன்றே கண்டுபிடித்துவிடுவார். எல்லாக் கருவிகளும் ஏற்குமானால் மிக நீண்ட சாவி கொண்ட ஏ.இ.எஸ். 256 முறையைத் தேர்ந்தெடுங்கள். வெவ்வேறு நிறுவனக் கருவிகளைக் கலக்காதீர்கள், மறையாக்கம் ஒத்துப்போகாமல் போகலாம். சாவி கணினி உருவாக்கிய தற்செயல் எண்ணாக இருக்கட்டும். கோயில் தொலைபேசி எண் வேண்டாம். சாவியை அடையாளம் காட்டும் வரிசை எண், சாவி இரண்டும் எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

சோதனை

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். தவறான சாவி உள்ள கருவி உடனே தெரிந்துவிடும்: கரகரப்பு வரும், அல்லது ஒன்றுமே கேட்காது. ஆபத்தானது மறையாக்கம் அணைந்துபோன கருவி. பல கருவிகளில் அதற்கென ஒரு பொத்தான் இருக்கும். இடுப்பில் உரசியே அது மாறிவிடலாம். அப்போது அவர் பேச்சு வெளிப்படையாகப் போகும், மற்றவர்களுக்கும் வழக்கம்போலக் கேட்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அந்தப் பொத்தானை முடக்கித் தரும்படி கடையில் கேளுங்கள். பிறகு அதே அமைப்புகளுடன், சாவி மட்டும் பதிக்காத ஒரு கருவியை மேசைமேல் வையுங்கள். தொண்டூழியர்கள் ஒவ்வொருவராகத் தம் கருவியில் பத்துவரை எண்ணட்டும். மேசைமேல் இருப்பதில் யாருடைய எண்கள் தெளிவாகக் கேட்கின்றனவோ, அவர் கருவியைத் திருத்த வேண்டும்.

பேசுதல்

குழுவைத் தேர்ந்தெடுத்து, பி.டி.டி. பொத்தானை (அழுத்திப் பேசும் பொத்தான்) அழுத்தி, அனுமதி ஒலி வந்தபின் தொடங்குங்கள். முந்தினால் முதல் சொல் வெட்டுப்படும். “முதலுதவி, இது செலிகி முனை” என்று அழைக்கப்படுபவரை முன்னும் உங்களைப் பின்னும் சொல்லுங்கள். ஒருவருக்கு மட்டும் உரியது என்றால், தொடர்புப் பட்டியலில் அவர் பெயரைத் தேர்ந்து தனி அழைப்பில் பேசுங்கள். சாவி இருந்தாலும் அடையாள அட்டை எண்ணை வானலையில் சொல்லாதீர்கள். கேட்கும் கருவியின் ஒலிபெருக்கி பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். மறையாக்கம் குரலைத்தான் மூடுகிறது. எந்தக் கருவி எந்தக் குழுவை அழைத்தது என்ற எண்கள் பெரும்பாலும் திறந்தே போகும்.

கருவி தொலைந்தால்

உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். வசதி இருந்தால் தொலைவிலிருந்தே அதை முடக்கலாம். அந்தக் கருவி அணைந்திருந்தாலோ எட்டாத தூரத்தில் இருந்தாலோ கட்டளை போய்ச் சேராது. அதனால் சாவியையே மாற்ற வேண்டும். இரண்டாவது சாவி ஒன்றை முன்பே எல்லாக் கருவிகளிலும் பதித்து வைப்பது பயன் தராது. தொலைந்ததிலும் அது இருக்கும். மாற்றுச் சாவியைப் பொறுப்பாளர் தனியே வைத்திருந்து மீதக் கருவிகளில் புதிதாகப் பதிக்க வேண்டும். அதுவரை தனிப்பட்ட விவரங்களைக் கைப்பேசியில் பேசுங்கள். விழா முடிந்து கருவிகளைத் திருப்பித் தரும்போது, சாவிகளையும் தொடர்புப் பட்டியலையும் உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள்.