கைதட்டித் தண்டால் எடுக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் காலை ஐந்தரை மணிக்கெல்லாம் நாலைந்து பையன்கள் வந்துவிடுவார்கள். இரண்டு பேர் பாக்சிங் கற்றுக்கொள்கிறார்கள், ஒருவன் வாலிபால் ஆடுகிறான், ஒருவன் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறான். எல்லாருக்கும் கையில் பவர் வர வேண்டும். அதற்காக எல்லாரும் செய்வதும் ஒன்றுதான்: கைதட்டித் தண்டால் (தரையை உந்தி எழும்பி, கை தட்டிவிட்டு இறங்குவது), மூச்சு வாங்கும்வரை, கை நடுங்கும்வரை. இரண்டு மாதம் போன பிறகு, "ணா, குத்துல ஒண்ணும் ஏறலயே" என்று வந்து நிற்பார்கள். இப்படி எடுத்தால் ஏறாது தம்பி. ஏன் என்று சொல்கிறேன்.

சாதாரணத் தண்டாலில் கைகள் தாங்குவது உடல் எடையில் சுமார் 64 சதவீதம். 70 கிலோ பையனுக்கு அது 45 கிலோ. காலை இரண்டடி உயரத் திண்ணையில் வைத்தால் ஏறக்குறைய 74 சதவீதமாகும், கையை அதே உயரத்தில் வைத்தால் 41 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பவர் என்பது இந்த எடையைத் தள்ளும் விசையையும் தள்ளும் வேகத்தையும் பெருக்கினால் வருகிற கணக்கு. சுமை கூடினால் வேகம் குறையும், சுமை குறைந்தால் வேகம் கூடும், தசையின் இயல்பே அப்படித்தான். கைதட்டித் தண்டால் வேகத்தை வளர்க்கிற பயிற்சி. ஒற்றைக்கைத் தண்டால், ஒரு கையை வில் போல நீட்டி மறு கையில் இறங்குகிற ஆர்ச்சர் தண்டால் எல்லாம் விசையை வளர்க்கிறவை. இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி எடுக்கக் கூடாது.

பெரிய தவறு எண்ணிக்கைதான், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் தண்டால் என்றாலே "எத்தனை எடுப்பே?" என்றுதான் கேட்பார்கள். பயில்வான்கள் இடுப்பைத் தூக்கி, நெஞ்சைத் தரையோடு உரசி எழுந்து நூற்றுக்கணக்கில் எடுத்த தண்டாலிலிருந்து வந்த பழக்கம் அது. அந்தத் தண்டால் தாக்குப்பிடிக்கும் சக்திக்கு அருமையான பயிற்சி, அதில் எண்ணிக்கைக்கு அர்த்தம் உண்டு. தரையை விட்டுக் கை எழும்பும் தண்டாலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. உச்ச வேகத்துக்கு உடல் செலவழிப்பது தசையில் தயாராக இருக்கிற பாஸ்போகிரியாட்டின் என்ற எரிபொருளை. பத்து வினாடி முழுமூச்சாக வேலை செய்தால் அதில் பெரும்பகுதி காலி, திரும்ப ஊறி வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் அடுத்த செட் ஆரம்பித்தால் தசை வேகமாகச் சுருங்கப் பழகாது, களைப்போடு மெதுவாகச் சுருங்கத்தான் பழகும். நாம் பவர் என்று நினைத்து ஸ்டாமினாவுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்போம்.

அந்த பாக்சிங் பையன்களில் ஒருவன் ஒருநாள் மாடியில் வரிசையாக இருபது எடுத்தான். நம் ஊர்ப் புழுக்கம்தான் தெரியுமே, உள்ளங்கை வியர்த்து ஒவ்வொரு தடவையும் சிமெண்டில் ஈரத் தடம் விழுந்தது. முடித்ததும் அவனைத் தடங்களைப் பார்க்கச் சொன்னேன். முதல் நாலு தடமும் ஒன்றின்மேல் ஒன்றாக, சுத்தமாக இருந்தன. ஆறாவதில் இடது கை நாலு விரற்கடை முன்னால் போயிருந்தது. பத்துக்குமேல் தடமே இல்லை, தேய்த்து இழுத்த கோடுதான், அதாவது கை தரையை விட்டு எழும்பவே இல்லை. அன்றைக்கு அவன் எடுத்தது நாலு தண்டால், மீதிப் பதினாறும் களைப்பு. இப்போது அவன் ஐந்துக்கு மேல் எடுப்பதில்லை. ஐந்து எடுத்து இரண்டரை நிமிடம் சும்மா நடப்பான், அப்படி நாலைந்து செட். உயரம் குறைந்தாலோ தரையில் அறையும் சத்தம் கூடினாலோ அன்றைக்கு அதோடு சரி. வியர்வை வரவில்லையே, பயிற்சி செய்த மாதிரியே இல்லையே என்று முதலில் முணுமுணுத்தான். அந்த எண்ணத்தைத்தான் முதலில் விட வேண்டும்.

அடுத்தது, அஸ்திவாரம் இல்லாமல் ஆரம்பிப்பது. நெஞ்சு தரையைத் தொட்டு, இடுப்பு தொங்காமல், இருபது தண்டால் நிதானமாக எடுக்க முடியாதவர்கள் கைதட்டுவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மேலேயிருந்து விழும்போது மணிக்கட்டும் முழங்கையும் வாங்கும் அடி, சாதாரணமாக எடுக்கும்போது வாங்குவதைவிட மிக அதிகம். தசை சில வாரங்களில் பலப்பட்டுவிடும், தசையை எலும்போடு இணைக்கிற தசைநாண்கள் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். கையில் பலம் வந்த மாதிரி தோன்றும் நேரத்தில்தான் மணிக்கட்டு வலி ஆரம்பிக்கும். ஆசை தாங்கவில்லை என்றால் இடுப்பளவு மாடிச் சுவரில் கையை வைத்து, அங்கிருந்து உந்தித் தள்ளிப் பழகுங்கள். சுமை குறைவு, வேகம் கூட வரும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இறங்கும்போது முழங்கையைப் பூட்டி வைத்துக்கொண்டு இறங்குவது இன்னொரு ஆபத்து. விரல்களில் தொடங்கி உள்ளங்கை முழுக்கப் பதிந்து, முழங்கை லேசாக மடிந்தபடி, பூனை குதிக்கிற மாதிரி இறங்க வேண்டும். இறங்கியதும் அங்கேயே நின்று மூச்சு விட்டுவிட்டு மறுபடி தள்ளினால், நீண்ட தசையில் சேர்ந்திருந்த ரப்பர் இழுவை வீணாகிவிடும். தரையைத் தொட்ட உடனே எழும்பினால்தான் அது உதவும். ஆரம்பத்தில் நின்று நின்று எடுப்பதில் தவறில்லை, இறங்கப் பழகும்வரை அதுதான் பாதுகாப்பு. திருவொற்றியூர்ப் பக்கம் கடற்கரை மணலில் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டுக்கு இதமாக இருக்கும், ஆனால் மணல் அந்த உந்தலை விழுங்கிவிடும். டைல்ஸ் தரை அதைவிட மோசம், ஈரக் கை வழுக்கினால் முகம்தான் முதலில் தரையைத் தொடும். ஒரு துண்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வித்தை காட்டும் ஆசையும் கெடுக்கிறது. முதுகுக்குப் பின்னால் தட்டுவது, இரண்டு தடவை தட்டுவது எல்லாம் வீடியோவுக்கு அழகாக இருக்கும். உற்றுப் பார்த்தால் இடுப்பை உயரத் தூக்கிக் கைக்கு நேரம் திருடியிருப்பார்கள், நெஞ்சு அதே உயரத்தில்தான் இருக்கும். உயரத்தை அளக்க என்னிடம் இருப்பது இரண்டு செங்கல். பக்கத்துக்கு ஒன்றாகப் படுக்க வைத்து, உடல் ஒரே கோடாக இருக்க, தரையிலிருந்து எழும்பிக் கைகளைச் செங்கல்மேல் வைக்க வேண்டும். கைதட்டலைவிட இது நேர்மையான சோதனை.

சரி, மெதுவாக எடுக்கும் கடினமான தண்டால்களுக்கு வருவோம். இங்கே எல்லாரும் குழப்பிக்கொள்வது, மெதுவாக எடுத்தாலே கடினம் என்று. ஒற்றைக்கைத் தண்டால் மெதுவாக எழும்புவது அதன் சுமையால். சுலபமான தண்டாலை வேண்டுமென்றே எட்டு வினாடி இழுத்தால் நெஞ்சு எரியும், கொஞ்சம் தசையும் ஏறலாம், விசை பெரிதாகக் கூடாது. கீழே இறங்க இரண்டு மூன்று வினாடி எடுத்துக்கொள்ளுங்கள், அது நல்லது. மேலே தள்ளும்போது மட்டும் உங்களால் முடிந்த வேகத்தில் தள்ளப் பாருங்கள். உடல் மெதுவாகத்தான் எழும்பும், இருந்தாலும் வேகமாகத் தள்ளும் முயற்சியே நரம்புக்குப் பயிற்சி, பெரிய தசை நார்களை எழுப்பிவிடுவது அதுதான். எட்டுக்கு மேல் சுலபமாக வந்தால் கடினத்தைக் கூட்டுங்கள், எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள்.

இரண்டையும் ஒரே நாளில் எடுப்பதாக இருந்தால் வேகமானது முதலில், உடம்பு சூடான உடனே. கடினமானது அப்புறம். பையில் குத்தி, ஸ்கிப்பிங் போட்டு, கடைசியில் மிச்சமிருக்கும் உயிரை வைத்துக் கைதட்டுவது எங்கள் ஏரியாவில் சர்வசாதாரணம், காயங்கள் பெரும்பாலும் வருவதும் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான். வாரத்துக்கு இரண்டு நாள் போதும், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி.

பாக்சிங் தம்பிகளுக்கு மட்டும் இன்னொன்று. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை வளர்ந்த வடசென்னையில் இதைச் சொல்ல வேண்டியதில்லைதான், இருந்தும் மறந்துவிடுகிறார்கள். குத்து பின்னங்காலில் புறப்பட்டு, இடுப்பில் திரும்பி, தோள் வழியாகக் கைக்கு வருகிறது. தண்டால் அந்தக் கடைசித் தள்ளலைத்தான் வளர்க்கும். இரண்டு மாதம் ஒழுங்காக எடுத்தும் குத்து கனக்கவில்லை என்றால், தண்டாலை விட்டுவிட்டு உங்கள் காலைப் பார்க்கச் சொல்லி மாஸ்டரிடம் கேளுங்கள்.