ரீமேட்ச் கணிப்பு: தராசை நம்பி நான் வாங்கிக்கொடுத்த பிரியாணி

2025 ஜூலையில் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்கள் உசிக்–டுபுவா மறுபோட்டிக்கு முந்தைய இரவு அக்கா மகன் போன் செய்தான். "மாமா, வெயிட் பாத்தீங்களா? உசிக் 227.3 பவுண்டு! இதுவரைக்கும் இவ்வளவு ஏறினதே இல்ல. வயசும் 38. கால் நகராது, டுபுவாதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் இதே வேகத்தில், இதே தராசைக் காட்டி நான் பேசிய பேச்சு அப்படியே காதில் கேட்டது. மறுநாள் லண்டன் வெம்பிளியில் ஐந்தாவது ரவுண்டில் டுபுவா இரண்டு முறை கீழே விழுந்தார். சண்டை அதோடு முடிந்தது. பையன் இரண்டு நாள் போனே எடுக்கவில்லை.

பிடித்த வீரருக்காகக் கணிக்காதே, சண்டைக்கு முந்தைய வாய்ச்சவடாலை நம்பாதே என்பதெல்லாம் பார்க்கத் தொடங்கிய முதல் வருடத்திலேயே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். பல வருடம் பார்த்த பிறகும் ஆளைக் கவிழ்க்கிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கடைசியில் பார்த்ததையே முழுச் சண்டையாக நினைப்பது

2018 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதல் வைல்டர்–ஃபியூரி சண்டையைப் பற்றி யாரைக் கேட்டாலும் பன்னிரண்டாவது ரவுண்டைத்தான் சொல்வார்கள். ஃபியூரி மல்லாந்து விழுந்து, செத்தவர் எழுந்த மாதிரி எழுந்த காட்சி. அது மனதில் ஒட்டிக்கொண்டதால், "வைல்டர் குத்து விழுந்தால் போதும்" என்றே மறுபோட்டியையும் பலர் கணித்தார்கள்.

உட்கார்ந்து திரும்பப் பாருங்கள். ஒன்பதாவது ரவுண்டிலும் பன்னிரண்டாவதிலும் ஃபியூரி விழுந்ததைத் தவிர, பெரும்பாலான நேரம் வைல்டர் காற்றைத்தான் குத்திக்கொண்டிருந்தார். ஒரு நடுவர் 115-111 என்று வைல்டருக்கும், இன்னொருவர் 114-112 என்று ஃபியூரிக்கும், மூன்றாமவர் 113-113 என்றும் போட்டு டிரா ஆனது. அந்த இரண்டு வீழ்ச்சிகளையும் எடுத்துவிட்டால் அது ஃபியூரியின் சண்டை. பார்க்கும்போது வர்ணனையின் சத்தத்தை அணைத்துவிடுங்கள். கூட்டம் எதற்குக் கத்தியதோ அதற்கு நாமும் புள்ளி போட்டுவிடுவோம்.

எடை பார்க்கும் நாளில் கட்சி மாறுவது

இதுதான் என் வயிற்றெரிச்சல். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2020 பிப்ரவரி, லாஸ் வேகாஸ். மறுபோட்டிக்கு ஃபியூரி 273 பவுண்டில் வந்தார். முதல் சண்டையில் 256.5. பயிற்சியாளரையும் மாற்றி, டெட்ராய்ட் க்ராங்க் ஜிம் வழி வந்த ஷுகர்ஹில் ஸ்டூவர்டைப் பிடித்திருந்தார். முன்னே போய் நாக் அவுட் செய்யப்போகிறேன் என்று ஊருக்கே சொன்னார். ஓடியாடிச் சண்டை போடுகிறவர் இவ்வளவு கனமாக வந்தால் மூச்சு வாங்கும் என்று நான் வைல்டர் பக்கம் நின்றேன். நடந்ததோ அவர் சொன்னதேதான். முன்னே போனார், பிடித்தார், கழுத்தின் மேல் தன் பாரத்தையெல்லாம் சாய்த்தார். ஏழாவது ரவுண்டில் வைல்டரின் கார்னரிலிருந்து, தோல்வியை ஒப்புக்கொள்ளும் துண்டு பறந்து வந்தது.

சரி, பாடம் படித்துவிட்டோம், கனமான ஃபியூரி என்றால் ஆபத்தான ஃபியூரி என்று எழுதி வைத்துக்கொண்டேன். படித்த பாடமே தப்பு என்பது தெரிய நாலே முக்கால் வருடம் ஆனது.

2024 மே மாதம் ரியாத்தில் உசிக்கிடம் ஸ்ப்ளிட் டெசிஷனில் (மூன்று நடுவர்கள் இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்து) தோற்றபோது ஃபியூரி 262 பவுண்டு. டிசம்பரில் மறுபோட்டிக்குத் தராசில் ஏறியபோது 281. உசிக் 226. இடைவெளி 55 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 25 கிலோ. ஒரு மூட்டை சிமெண்டில் பாதி. அதுவரை உசிக் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், அன்றைக்கு ராத்திரி எட்டு நண்பர்கள் இருந்த அறையில் எழுந்து நின்று, "எழுதி வெச்சுக்கோங்க, வைல்டருக்கு நடந்ததுதான் இவருக்கும். தோத்தா எல்லாருக்கும் பிரியாணி என் செலவு" என்றேன். இத்தனைக்கும் இருவரும் முழு உடையோடுதான் தராசில் ஏறினார்கள். கோட்டையும் ஷூவையும் சேர்த்து எடை போட்ட ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நான் சண்டையையே முடித்துவிட்டேன்.

விடியற்காலை. மூன்று நடுவர்களும் 116-112, உசிக். எட்டுப் பேருக்கு மட்டன் பிரியாணி. ஒருவன் பார்சல் வேறு கட்டிக்கொண்டு போனான்.

தப்பு எங்கே? 2020-ல் அந்தக் கனத்துக்கு ஒரு வேலை இருந்தது. வைல்டர் நேர்கோட்டில் நின்று வலது கையை வீசுகிறவர். பின்னால் தள்ளிக்கொண்டே போனால் அந்தக் கைக்கு வேகமே வராது. பிடியில் மாட்டினால் விடுபடவும் அவருக்குத் தெரியாது. அவர் மேல் சாய எடை வேண்டும், ஃபியூரி எடையைக் கொண்டுவந்தார். உசிக் இடது கை ஆள், ஒரு இடத்தில் இரண்டு நொடி நிற்கமாட்டார். குத்திவிட்டுப் பக்கவாட்டில் நழுவிவிடுவார். சாய்வதற்கு ஆள் அங்கே இருந்தால்தானே சாய முடியும்? அங்கே கூடுதல் பவுண்டெல்லாம் நாமே தூக்கிச் சுமக்கிற மூட்டை.

இன்னும் இரண்டு கணக்கைப் பாருங்கள். 2019 ஜூனில் நியூயார்க்கில் அப்போதைய சாம்பியன் ஆந்தனி ஜோஷுவாவை நான்கு முறை வீழ்த்தி உலகையே வாய்பிளக்க வைத்த ஆண்டி ரூயிஸ், டிசம்பரில் சவூதியின் திரியாவுக்கு வந்தபோது 268-லிருந்து 283.7-க்கு ஏறியிருந்தார். மூன்று மாதம் பார்ட்டியில் போய்விட்டது என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். அந்த எடைக்கு எந்த வேலையும் இல்லை. ஜோஷுவா பத்துப் பவுண்டு குறைத்து வந்ததற்கு வேலை இருந்தது: ஜாப் (முன்கையால் நேராக நீட்டும் குத்து) போடு, விலகு, ஜாப் போடு, விலகு. பார்க்கத் தூக்கம் வந்தது. ஆனால் சாம்பியன் பெல்ட்டுகள் எல்லாம் அவரிடம் திரும்பிவிட்டன.

அப்புறம் 2022-ல் ஜோஷுவாவுடனான மறுபோட்டிக்கு உசிக் ஏகத்துக்கும் உடம்பை ஏற்றிவிட்டார் என்று வதந்தி ஓடியது. தராசில் ஏறினார்: 221.5. முந்தைய சண்டையைவிடக் கால் பவுண்டு அதிகம்.

ஆகவே, எண்ணைப் பார்த்ததும் "இந்த எடையை வைத்துக்கொண்டு, இந்த எதிராளியிடம், இவர் என்ன செய்யப்போகிறார்?" என்று ஒரு வரியில் பதில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் நேற்றைய கணிப்பிலேயே இருங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. இருந்தாலும் அன்றைக்குக் கேட்டிருக்க மாட்டேன்.

எல்லாச் சாக்கையும் ஒரே கூடையில் போடுவது

தோற்றவர் சொல்லும் காரணத்தைக் கேட்டதும் சிரித்துவிடுவது ரசிகர் வழக்கம். வைல்டர் 2020-ல் ரிங்குக்கு நடந்துவரப் போட்டிருந்த நாற்பது பவுண்டு உடை காலைச் சோர்த்துவிட்டது என்றார், சிரித்தோம், தப்பில்லை. ஆனால் 2001 ஏப்ரலில் லெனாக்ஸ் லூயிஸ் ஹாலிவுட் படத்தில் தலைகாட்டிவிட்டு, ஜோகன்னஸ்பர்க் பக்கத்து 1,600 மீட்டருக்கு மேலான உயரத்துக்குத் தாமதமாகப் போய் இறங்கி, ஹாசிம் ரஹ்மானிடம் ஐந்தாவது ரவுண்டில் விழுந்தார். அவர் ஒழுங்காகத் தயாராகவில்லை என்பது சாக்கில்லை, நிஜம். நவம்பரில் லாஸ் வேகாஸில் நாலே ரவுண்டில் ரஹ்மானை முடித்தார்.

சரிசெய்யக்கூடிய குறையா என்பதுதான் நான் பார்ப்பது. 1936-ல் மாக்ஸ் ஷ்மெலிங், ஜாப் போட்டபின் ஜோ லூயிஸின் இடது கை கீழே இறங்குவதைக் கண்டுபிடித்து அந்த இடைவெளியில் வலது கையை இறக்கிக்கொண்டே இருந்தார். லூயிஸ் பன்னிரண்டாவது ரவுண்டில் வீழ்ந்தார். கை இறங்குவது பழக்கம், மாற்றிக்கொள்ளலாம். 1938-ல் யாங்கி ஸ்டேடியத்தில் 124 நொடியில் ஷ்மெலிங் முடிந்துபோனார்.

"பழிவாங்கும் வெறியில் இருக்கிறார்"

சோனி லிஸ்டனிடம் ஃப்ளாய்ட் பேட்டர்சன் 1962-ல் 2 நிமிடம் 6 நொடியில் வீழ்ந்தார். 1963-ல் 2 நிமிடம் 10 நொடி. வெறி கொடுத்தது நாலு நொடி.

எந்த ரவுண்டில் முடியும் என்று சொல்வது

சொல்லாதீர்கள்.

மூன்றாவது சண்டையை இரண்டாவதன் நகலாக நினைப்பது

2021-ல் வைல்டர் 238 பவுண்டில் வந்தார், ஃபியூரி 277. இரண்டாவதைப் போலவே சுலபமாக முடியும் என்று எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தோம். நான்காவது ரவுண்டில் ஃபியூரி இரண்டு முறை தரையில். பதினோராவதில்தான் வைல்டரை முடிக்க முடிந்தது. ஜெயித்தவரைச் சரியாகச் சொன்ன நான், அந்த நான்காவது ரவுண்டில் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன்.

மூன்றாம் நாள் அக்கா மகன் போனை எடுத்தான். டுபுவாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மாமா, பிரியாணி எத்தனை பேருக்குன்னு சொன்னீங்க?" என்றான். ஆபீசில் பன்னிரண்டு பேரிடம் பந்தயம் கட்டியிருக்கிறானாம்.