கடல்மீன் தொட்டியும் மின்சாரமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் சுங்கை சிப்புட்டில் ஒரு தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தேன். கோமாளி மீன் வளர்க்கத் தொடங்கி மூன்று மாதம். ஆசையாகத் தொட்டியின் அடி அலமாரியைத் திறந்து காட்டினார். எனக்கு வயிறு கலங்கியது. 12 ஆண்டுகளுக்கு முன் நான் செய்து வைத்த அதே வேலை. ஈரக்கையால் சுவிட்சைத் தொடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்; அதை விட்டுவிடுகிறேன்.

அலமாரிக்குள் எக்ஸ்டென்ஷன்

நீரை வடிகட்டக் கீழே வைக்கும் சம்ப் தொட்டியை ஒட்டி, மூடிய கதவுக்குள், நான்கு பிளக் சொருகிய எக்ஸ்டென்ஷன். தண்ணீர் சிந்தினால்தானே ஆபத்து என்கிறார்கள். சிந்தவே வேண்டாம். நுரையால் அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரில் உடையும் குமிழிகள் நுண்துளிகளாகத் தெறிக்கும். அவை உலர்ந்தால் உப்பு தங்கும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அது நம் ஊர்க் காற்றின் ஈரத்தை இழுத்து, பின்களுக்கு நடுவே மின்சாரம் கசிய வழி போட்டுவிடும்.

மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான ஆர்சிசிபி காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று மட்டுமே அது பார்க்கும். லைவிலிருந்து நியூட்ரலுக்குக் கசிந்தால் கணக்கு சரியாகவே இருக்கும்; அது விழாது. பிளாஸ்டிக் மட்டும் மெல்லக் கருகிக்கொண்டிருக்கும்.

சில பிளக்குகள் சூடேறினால் மீன் கவிச்சியைப் போலவே நாறும். என் வீட்டில் அப்படித்தான் நாறியது. மீன் தொட்டிதானே என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மெயின் சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவினேன். பின் பழுப்பேறி, சாக்கெட்டின் துளை உருகி, சுற்றிலும் வெள்ளைப் பொருக்கு. எங்களுடையது தோட்டத்து லயம், பலகைச் சுவர். அடுத்த அறையில் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். இன்றும் யார் வீட்டிலாவது அப்படி ஓர் அலமாரியைப் பார்த்தால் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது.

சாக்கெட் அலமாரிக்கு வெளியே, பக்கச் சுவரில், உயரமாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை மின்சாரத்தை அணைத்து ஒவ்வொரு பிளக்கையும் உருவிப் பாருங்கள். பழுப்பேறியதைத் துடைத்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

நேராக இறங்கும் வயர்

பிளக்கைவிடத் தாழ்வாக வயர் ஒருமுறை தொங்கி மேலேற வேண்டும். வயர் வழியே வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மூன்று துளைச் சாக்கெட்டின் மேல்துளையைப் பேனாவால் குத்தி இரண்டு பின் பிளக்கைச் சொருகுவது

கூடவே கூடாது.

ஆர்சிசிபி விழுகிறது என்று அதை நீக்கச் சொல்வது

வயர்மேனிடம் இப்படிக் கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். 30 மில்லிஆம்பியரில் விழுவதுதான் அதன் வேலை. பம்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால் எது கசிகிறது என்று தெரிந்துவிடும். இடி மின்னலில் அது விழுந்து, வீட்டில் ஆளில்லாமல் மீன் செத்துவிடுமே என்ற கவலை நியாயமானது. அதற்கு, மின்சாரம் நின்றால் தானாக ஓடும் பேட்டரி காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள்.