என்.பி.ஏ. டிரேடு செய்தி வந்தால் எதை முதலில் பார்க்க வேண்டும்?

என்.பி.ஏ. என்கிற அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கில் டிரேடு, அதாவது அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் செய்தி வந்ததும் எல்லோரும் பெயர்களைத்தான் பார்க்கிறார்கள். பெயர் இருக்கட்டும், முதலில் சம்பளத்தைப் பாருங்கள். அப்புறம் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு பாக்கி, அப்புறம் டிராஃப்ட் பிக், அதாவது புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைபோட்டுத் தேர்ந்தெடுக்கும்போது ஓர் அணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு. யார் விசுவாசி, யார் துரோகி என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுக்கிறவன் நான். அவர்களுக்கும் இந்த வரிசையில்தான் விளக்குகிறேன்.

2025 பிப்ரவரியில் டல்லாஸ் மேவரிக்ஸ் லூக்கா டோன்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்ததை எடுத்துக்கொள்வோம். நமக்கு ஞாயிறு காலையில் வந்த செய்தி அது. டோன்சிச்சின் எண்ணான 77 போட்ட டல்லாஸின் நீல நிற ஜெர்சியோடு பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் கேட்டான்: “சார், அவர் போறேன்னு கேட்கவே இல்லையே, எப்படி சார் அனுப்பினாங்க?” அதற்குப் பதில் தெரிந்தால் பாதி விதிகள் புரிந்துவிடும்.

ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் வரம்பைத் தாண்டிய அணிகளுக்கு இடையே டிரேடு என்றால், அனுப்பும் சம்பளமும் வாங்கும் சம்பளமும் ஏறக்குறைய பொருந்த வேண்டும். அந்த சீசனில் டோன்சிச்சுக்கு சுமார் 4.3 கோடி டாலர். பதிலுக்கு டல்லாஸ் போன ஆந்தனி டேவிஸுக்கும் அதே 4.3 கோடி. சம்பளம் குறைந்த இளைஞர்கள் இரண்டு பேரைக் கொடுத்து நட்சத்திரத்தை வாங்கிவிடலாம் என்று போடும் கணக்கெல்லாம் இங்கேதான் உடைகிறது. வரம்புக்கு மேலே ‘ஏப்ரன்’ என்று இரண்டு கோடுகள் இருக்கின்றன. இரண்டாவதையும் தாண்டிய அணி, இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்க முடியாது.

பிக் விஷயத்துக்கு வருவோம். 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லேண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெப்பியன் முதல் சுற்று பிக்குகளை வாரிக் கொடுத்து அணியையே காலி செய்தார். அதிலிருந்து, வரப்போகும் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் முதல் சுற்று பிக்கே இல்லாமல் எந்த அணியும் போகக் கூடாது என்று விதி வந்தது. லேக்கர்ஸ் தன் 2027 பிக்கை 2023-லேயே யூட்டாவுக்குக் கொடுத்திருந்தது. முதல் 4 இடங்களுக்குள் விழுந்தால் தனக்கே என்ற பாதுகாப்போடுதான் கொடுத்தது. இருந்தாலும் 2027 பிக் கையை விட்டுப் போய்விடலாம் என்பதால் 2028 பிக்கைத் தொட முடியாது. டல்லாஸுக்குப் போனது 2029 பிக்.

இப்போது அந்தப் பையனின் கேள்வி. ஆட்டக்காரரைக் கேட்காமலேயே அனுப்பலாம். பொதுவான விதி அதுதான். ‘என் சம்மதம் இல்லாமல் டிரேடு கிடையாது’ என்ற ஷரத்தை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்க, லீக்கில் 8 ஆண்டு ஆடியிருக்க வேண்டும், அதில் 4 ஆண்டு அந்த அணிக்கே ஆடியிருக்க வேண்டும். டோன்சிச்சுக்கு அது ஏழாவது சீசன். பிராட்லி பீலிடம் அந்த ஷரத்து இருந்தது. 2023-ல் வாஷிங்டனிலிருந்து ஃபீனிக்ஸுக்கு அவர் சம்மதித்துத்தான் போனார். ஷரத்தும் அவரோடு கூடவே போனது.

என்னை இன்னும் உறுத்துவது ‘சூப்பர்மேக்ஸ்’தான். தன்னை வளர்த்த அணியிலேயே தங்குகிற நட்சத்திரத்துக்குக் கூடுதல் சம்பளம் என்று, விசுவாசத்துக்காகவே லீக் உண்டாக்கிய ஏற்பாடு அது. டல்லாஸிலேயே இருந்திருந்தால் அந்தக் கோடையில் டோன்சிச் 5 ஆண்டுக்கு சுமார் 34.5 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அணி மாற்றியதும் அந்தத் தகுதியே போய்விட்டது. லேக்கர்ஸுடன் 3 ஆண்டுக்கு 16.5 கோடிக்குக் கையெழுத்திட்டார். போக வேண்டும் என்று கேட்காதவருக்கு இப்படி நடந்தது அநியாயம் என்றுதான் அவனிடம் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

டிமார் டிரோசன் கதை இன்னொரு விதம். 2016-ல் டொராண்டோவிலேயே இருப்பேன் என்று மீண்டும் கையெழுத்திட்டார்; அங்கே மொத்தம் 9 சீசன். 2018-ல் அவரை சான் அன்டோனியோவுக்கு அனுப்பி காவாய் லெனர்டை வாங்கினார்கள். 2019-ல் டொராண்டோ முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. விளையாட்டுக் கணக்கில் அந்த டிரேடு சரி. ஆனால் டிரோசனுக்குச் செய்தது சரியா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

அதே அளவுகோலை ஆட்டக்காரருக்கும் வையுங்கள். போர்ட்லேண்டில் 11 சீசன் ஆடிய டேமியன் லில்லர்ட் 2023-ல் டிரேடு கேட்டபோது துரோகி என்று திட்டியவர்கள், டிரோசன் விஷயத்தில் ‘வியாபாரம்ப்பா’ என்று கடந்து போனார்கள். லில்லர்ட் கேட்டது மயாமி, கிடைத்தது மில்வாக்கி. கேட்டவருக்கும் முடிவு அவர் கையில் இல்லை.

கடைசியாக ஒன்று: செய்தி வந்த உடனே டிரேடு முடிந்துவிடாது. பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனையும் பாக்கி இருக்கும். ஐசையா தாமஸ், தங்கை இறந்த மறுநாளே 2017 பிளேஆஃப் ஆட்டத்தில் பாஸ்டனுக்காக இறங்கியவர். அதே ஆகஸ்டில் கைரி எர்விங்குக்காக அவரை கிளீவ்லேண்டுக்கு அனுப்பினார்கள். பரிசோதனையில் அவருடைய இடுப்புக் காயத்தைப் பார்த்த கிளீவ்லேண்ட் தயங்கியது. பாஸ்டன் ஒரு இரண்டாம் சுற்று பிக்கையும் சேர்த்துக் கொடுத்த பிறகே விஷயம் முடிந்தது. பிப்ரவரியில் டிரேடுக்கான கெடு முடியும்போது நமக்கு நள்ளிரவு தாண்டி 1.30 மணி. அந்த நேரத்தில் வரும் பட்டியலை வைத்துக்கொண்டு யாரையும் திட்ட வேண்டாம். அணிகளின் முறையான அறிவிப்பு வரட்டும்.