சிறிய பாய்மரப் படகுக்கு எரிபொருள் டேங்க்: எவ்வளவு, எதில், எங்கே

பாய்மரப் படகில் இன்ஜின் திடீரென்று நிற்பது பெரும்பாலும் கெட்ட நேரத்தில்தான். காற்று ஏறியிருக்கும், படகு குலுங்கும், பாயை இறக்கிவிட்டுத் துறைமுக வாயிலை நெருங்கிக்கொண்டிருப்பீர்கள். இன்ஜினைக் குறை சொல்வதற்கு முன் டேங்கைப் பாருங்கள். அடியில் படிந்து கிடந்த கசடும் தண்ணீரும் குலுக்கலில் கலங்கி ஃபில்டரை அடைத்திருக்கும். இல்லையென்றால் எரிபொருள் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சுகுழாய் காற்றை இழுத்திருக்கும். அதனால், சாய்ந்து ஓடும் படகை மனதில் வைத்துத்தான் டேங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எவ்வளவு கொள்ளளவு?

8 மீட்டர் நீளப் படகில் 10 முதல் 15 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் நிதானமான வேகத்தில் மணிக்கு 1.5 முதல் 2 லிட்டர் குடிக்கும். 2 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். வேகம் 5 நாட், அதாவது மணிக்கு 5 கடல் மைல். 100 கடல் மைல் போக 20 மணி நேரம், 40 லிட்டர். மூன்றில் ஒரு பங்கை எப்போதும் கையிருப்பாக வைப்பது நல்ல வழக்கம். ஆக 60 லிட்டர் டேங்க். அதில் நிரம்பும் டீசல் சுமார் 50 கிலோ, ஒரு ஆள் எடைக்குச் சற்றுக் குறைவு. இடம் இருக்கிறதே என்று 150 லிட்டர் டேங்க் வைக்காதீர்கள். எடை ஒருபுறம் இருக்க, மாதக்கணக்கில் செலவாகாமல் கிடக்கும் டீசல் பழசாகும். அடியில் சேரும் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புப் பாசிபோல் வழுவழுப்பாகப் படியும்.

வடிவம்: அகலம் வேண்டாம், ஆழம் வேண்டும்

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். இருக்கைக்கு அடியில் தட்டையாகப் பொருந்தும் டேங்க் வசதியாகத் தெரியும். 60 செ.மீ. அகலமுள்ள பெட்டி வடிவ டேங்கில் 4 செ.மீ. உயரத்துக்கு டீசல் மிச்சம் இருக்கிறது என்று வையுங்கள். படகு 25 டிகிரி சாய்ந்தால் டீசல் முழுக்கத் தாழ்ந்த பக்கம் ஓடிவிடும். நடுவில் மிஞ்சுவது 1 செ.மீ. ஆழம். உறிஞ்சுகுழாயின் வாய் அடியிலிருந்து 2 செ.மீ. மேலே இருப்பதால் அது காற்றைத்தான் இழுக்கும். டீசல் இன்ஜினில் ஒருமுறை காற்று புகுந்தால், அதை வெளியேற்றும் வரை மறுபடி ஓடாது. அதே டீசலை 30 செ.மீ. அகல டேங்கில் ஊற்றினால், அதே சாய்விலும் நடுவில் 8 செ.மீ. நிற்கும்.

நீளவாக்கில் அலை அடிப்பதைத் தடுக்க, சுமார் 50 செ.மீ.க்கு ஒன்றாக உள்ளே தடுப்புத் தகடுகள் வேண்டும். அவற்றின் மேலும் கீழும் திறப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே காற்றும் கீழே தண்ணீரும் அடைபட்டுவிடும். ஒவ்வொரு அறைக்கும் கை நுழையும் அளவு, 15 செ.மீ. விட்டத்துக்குக் குறையாத மூடி வையுங்கள். டேங்கைக் கழுவ வேறு வழியே இல்லை.

எந்தப் பொருள்?

டீசலுக்கும் பெட்ரோலுக்கும் தடித்த பாலிஎதிலின் டேங்க் நன்றாக உழைக்கும், துருவே பிடிக்காது. ஆனால் பெட்ரோல் ஊற்றியதும் அது சுமார் 2 சதவீதம் உப்பும். சுற்றிலும் அதற்கு இடம்விட்டு, பட்டைகளையும் அந்தக் கணக்கில் இழுத்துக் கட்டுங்கள்.

அலுமினியம் என்றால் 5052 அல்லது 5083 ரகம், 2.3 மி.மீ. தடிமனுக்குக் குறையாமல். இது உள்ளிருந்து கெடுவதைவிட வெளியிலிருந்துதான் அதிகம் கெடும். ஈர மரக்கட்டையோ நுரையோ ஒட்டியிருக்கும் இடத்தில், காற்றுப் படாத தண்ணீர் தேங்கி, ஊசிக்குத்துப் போல ஓட்டை விழும். அதனால் டேங்குக்கு அடியில் நியோபிரீன் ரப்பர் பட்டைகளை ஈரம் புக இடமில்லாமல் பசைபோட்டு ஒட்டி, அவற்றின்மேல் உட்கார வையுங்கள். பட்டைகளுக்கு நடுவே காற்று ஓட வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் தேங்கிய உப்புநீரில் வெல்டிங் ஓரத்தில் இப்படியே அரிக்கும். பளபளப்பை நம்பி ஏமாறாதீர்கள். உள்ளே துத்தநாகம் பூசிய டேங்க் டீசலுக்கு ஆகாது. துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து ஃபில்டரை அடைக்கும்.

எங்கே வைப்பது?

கீலுக்கு (படகின் அடியில் நடுவே ஓடும் முதுகெலும்பு) மேலே, நீளவாக்கில் நடுப்பகுதிக்கு அருகில், முடிந்தவரை தாழ்வாக. அணியத்திலோ (முன்முனை) அமரத்தின் (பின்பக்கம்) கோடியிலோ எடை ஏறினால் படகு அலையில் தலையாட்டுவது கூடும். பக்கவாட்டில் படுக்கைக்கு அடியில்தான் இடம் என்றால், எதிர்ப்பக்கம் பேட்டரியோ குடிநீர் டேங்கோ வைத்து ஈடுகட்டுங்கள். தாழ்வாக என்றதும் பில்ஜில், அதாவது படகின் அடிப்பள்ளத்தில், தேங்கும் தண்ணீரில் இறக்கிவிடாதீர்கள். எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

ஆர்டர் கொடுக்கும் முன் அதே அளவில் அட்டைப்பெட்டி ஒன்று செய்து, படிவாசல் வழியாக உள்ளே இறக்கி, இடத்தில் பொருத்தி, திரும்ப வெளியே எடுத்துப் பாருங்கள். மேல்தளத்தை அறுக்காமல் வெளியே வராத டேங்க், கெட்டுப்போகும் நாளில் பெரிய செலவு. கட்டும்போது, படகு கவிழ்ந்தாலும் நகராதபடி கட்டைகள், பட்டைகள், போல்ட்டுகள் வேண்டும்.

இன்ஜினைவிட உயரத்தில் டேங்க் இருந்தால் ஓர் அபாயம் உண்டு: குழாய் எங்காவது விட்டால், டேங்க் முழுவதும் தானாக வடிந்துவிடும். டேங்க் வாயிலேயே, இப்படித் தானாக வடிவதைத் தடுக்கும் சைஃபன் தடுப்பு வால்வும், இன்ஜின் அறைக்கு வெளியே இருந்து கை எட்டும் அடைப்பு வால்வும் பொருத்துங்கள். மிகத் தாழ்வாக இருந்தால் பம்பு திணறும். இழுக்க வேண்டிய உயரத்தை 1 மீட்டருக்குள் வையுங்கள்.

குழாய்கள்

எல்லா இணைப்புகளும் டேங்கின் மேல்முகத்தில் இருக்கட்டும். நிரப்புகுழாயின் உள்விட்டம் 38 மி.மீ., காற்றுக்குழாய் 16 மி.மீ. நிரப்புகுழாயின் இரு முனையிலும் இரண்டிரண்டு கிளாம்ப். ஹோஸின் மேல் ஐ.எஸ்.ஓ. 7840 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அது தீ தாங்கும் ரகம். நிரப்பும் வாய், டேங்க் ஆகிய உலோகப் பாகங்களை வயரால் இணைத்து எர்த் செய்யுங்கள். இல்லாவிட்டால் நிரப்பும்போது நிலைமின்சாரம் பொறி கிளப்பலாம்.

காற்றுக்குழாயின் வெளிவாயைப் படகின் பக்கச் சுவரில் தாழ்வாக வைத்தால், சாயும்போது அது கடலுக்குள் முங்கும். டேங்கில் உப்புநீர் சேரும். காக்பிட்டின் (படகோட்டி உட்காரும் திறந்த பள்ளம்) ஓரத் திட்டில், உயரமாக ஒரு வளைவு கொடுத்து வையுங்கள்.

உறிஞ்சுகுழாயின் நுனியில் மெல்லிய வலை இருந்தால் எடுத்துவிடுங்கள். அது அடைத்தால் கை எட்டாது. மெதுவாக ஓடும்போது இன்ஜின் நன்றாக இருந்து, வேகம் கூட்டினால் சோர்ந்து நிற்கும். ஃபில்டரைத் திறந்தால் சுத்தமாக இருக்கும். இப்படிக் குழம்பினால் முதலில் அந்த வலையைச் சந்தேகப்படுங்கள். வடிகட்டும் வேலையை, தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தோடு வெளியே இருக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் செய்யட்டும். இன்ஜினில் எரியாமல் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் திரும்புகுழாய், இன்ஜின் எந்த டேங்கிலிருந்து எடுக்கிறதோ அதே டேங்குக்கே போக வேண்டும். இரண்டு டேங்க் உள்ள படகில் இதை மறந்தால், ஒன்று காலியாகும்போது மற்றது வழியும்.

அவுட்போர்டுக்கான (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்) பெட்ரோல்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளம் தேடி இறங்கும். 12 அல்லது 25 லிட்டர் கேனை, கேபினோடு தொடர்பில்லாத, அடியில் வெளிப்புறம் திறக்கும் துளையுள்ள காக்பிட் அறையில் கட்டி வையுங்கள். பேட்டரியோ ஸ்விட்சோ அந்த அறையில் கூடாது. நிரப்புவது கரையில் வைத்துத்தான், விளிம்பு வரை நிரப்பாமல்.

கடலில் இறக்கும் முன்

எல்லா வாய்களையும் அடைத்து, சைக்கிள் பம்பால் 0.2 பார் அழுத்தம் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி 5 நிமிடம் பாருங்கள். பெரிய கம்ப்ரசரை நேராகச் செருகினால் டேங்க் பிளந்துவிடும். பிறகு, படகு மட்டமாக நிற்கும்போது 5 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் மரக்குச்சியை இறக்கி, நனைந்த இடத்தில் கத்தியால் கோடு கீறுங்கள். மின்அளவி கெட்டாலும் அந்தக் குச்சி மிச்சத்தைச் சரியாகக் காட்டும்.